கோடு விழுந்துச்சா அக்கா?

போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் லேபுக்கு டெஸ்ட் கிட் விற்கிற கம்பெனியின் ரெப் தம்பி ஒருவர் வந்தார். தக்காளி வண்டிகளெல்லாம் மண்டிக்குள் போய் முடிந்து, பாலக்கோடு கடைத்தெரு கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரம். சர்க்கரை பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தமும் எடுத்து முடித்துவிட்டு, அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். மேஜை மேல் ஒரு பெட்டியை வைத்தார். டெங்கு கார்டு, டெங்கு இருந்தால் கோடு விழுந்து காட்டுவது. புதுக் கம்பெனி. நாங்கள் இப்போது வாங்குவதைவிட விலை குறைவு.

“எந்த அளவுக்குச் சரியா காட்டும் தம்பி?”

“நூத்துக்கு நூறுக்கா. 20 பாசிட்டிவ் சாம்பிள்ல போட்டுப் பார்த்திருக்காங்க. 20ம் பாசிட்டிவ்.”

மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். பாவம், எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. ஆறிப்போகிற சோற்றை வைத்துக்கொண்டு விளக்கவும் முடியவில்லை. அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அவரிடம் சொல்லாமல் விட்டதுதான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

2007இல் டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தேன். பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டைக்கு மேலே காட்டோரம், கட்டிக்கொடுத்தது பாலக்கோட்டில். அன்று முதல் இதே ஊரில், இரண்டு அறை உள்ள ஒரு லேபில்தான் வேலை. என் கையில் எத்தனை கார்டு ஓடியிருக்கும் என்று கணக்கு வைத்ததில்லை. டெங்கு, டைஃபாய்டு, மலேரியா, எச்ஐவி, மஞ்சள் காமாலை என்று எல்லாவற்றுக்கும் இன்று கார்டு வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. “கோடு விழுந்துச்சா அக்கா?”

கார்டுக்குள் இருப்பது ஒரு நைட்ரோசெல்லுலோஸ் பட்டை. ஒரு முனையில் சீரம், அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த தெளிந்த நீர்; அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு பஃபர் என்ற கரைசல். திரியில் எண்ணெய் ஏறுவது போல அது பட்டையில் நகரும். வழியில் ஆன்டிபாடிகளையும், அதாவது கிருமியின் பொருளோடு ஒட்டிக்கொள்கிற, தங்கத் துகள் சேர்த்த புரதங்களையும் சேர்த்துக்கொண்டு போகும். கிருமியின் பொருள் ரத்தத்தில் இருந்தால் டி என்று குறித்த இடத்தில் அந்தத் துகள்கள் மாட்டிக்கொள்ளும். சிவப்பாக ஒரு கோடு தெரியும். சி என்று குறித்த இடத்தில் இன்னொரு கோடு, அது எப்போதும் விழ வேண்டும். அது விழுந்துவிட்டால் டெஸ்ட் சரியாக நடந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில் சி கோட்டுக்கு ஒரே அர்த்தம், திரவம் அதுவரை ஓடி வந்தது என்பதுதான். ரத்தமே விடாமல் வெறும் பஃபரை மட்டும் விட்டுப் பாருங்கள், சி கோடு ஜம்மென்று விழும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதல் நாள் செய்துகாட்டுவது இதைத்தான்.

அப்புறம் யானை.

எங்கள் ஊரில் கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு முற்றும். பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கும். அப்பாவும் சித்தப்பாவும் பரண் மேல் ராக்காவல் இருப்பார்கள். கையில் தகரமும் கட்டையும். சித்தப்பா பயந்த சுபாவம். பன்றி வந்தாலும் தட்டுவார், காற்றில் மூங்கில் உரசினாலும் தட்டுவார். அவர் காவலில் ஒரு யானைகூடத் தப்பிப் பயிருக்குள் வந்ததில்லை. ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் யாரும் தூங்கியதில்லை. அப்பா நேர் எதிர். மரம் முறிகிற சத்தம் கேட்டு, வாசனையும் பிடித்த பிறகுதான் தட்டுவார். அவர் தட்டினால் யானைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டு தடவை, அவர் யோசித்து முடிப்பதற்குள் அரை ஏக்கர் போய்விட்டது.

படிக்கும்போது சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்ற இரண்டும் எனக்கு மாறி மாறிக் குழம்பும். பரணை நினைத்த பிறகு குழம்பியதே இல்லை. நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்கிறது என்பது முதலாவது, அதில் சித்தப்பா கெட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது இரண்டாவது, அதில் அப்பா கெட்டி. ரெப் தம்பி சொன்ன நூற்றுக்கு நூறு இதில் முதலாவது மட்டும்தான். இரண்டாவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் பாசிட்டிவ் காட்டுகிற கார்டும் 20க்கு 20 வாங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டாக்டர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள். சித்தப்பா மார்கழியில் தகரம் தட்டினால் எழுந்து ஓட வேண்டும். அதே சித்தப்பா சித்திரையில், அறுப்பு முடிந்து காடு மொட்டையாகக் கிடக்கும்போது தட்டினால், புரண்டு படுத்துக்கொள்ளலாம். ஆளும் அதேதான், காதும் அதேதான். யானை வருகிற மாதமா என்பதுதான் வேறு.

கணக்குக்காக ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். டெங்கு உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும். நல்ல கார்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு 1,000 பேர் காய்ச்சலோடு வருகிறார்கள், அதில் 300 பேருக்கு உண்மையிலேயே டெங்கு என்று வையுங்கள். கார்டு 270 பேரைப் பிடிக்கும். மீதி 700 பேரில் 35 பேருக்குத் தவறாகக் கோடு விழும். மொத்தம் 305 கோடு, அதில் 270 நிஜம். நூற்றில் 88 சரி. இப்போது மாசி மாதத்துக்கு வாருங்கள். அதே 1,000 பேர், டெங்கு 10 பேருக்குத்தான். கார்டு 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 50 பேருக்கு வீண் கோடு. 59 கோட்டில் 9தான் நிஜம். நூற்றில் 15. கார்டு மாறவில்லை, பெட்டியில் அச்சடித்த சதவீதமும் மாறவில்லை. மாசியில் அந்தக் கோட்டைப் பார்த்து டெங்கு என்று எழுதினால் ஆறில் ஐந்து தடவை பொய் எழுதுகிறேன்.

“அப்படின்னா எந்தக் கார்டு வாங்கறது?” என்று எங்கள் ஓனர் சார் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கார்டு வாங்குவதைப் பற்றி இல்லை சார், யாருக்குப் போடுகிறோம் என்பதைப் பற்றி என்றேன். வருகிற ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ‘ஃபீவர் பேக்கேஜ்’ என்று நான்கு கார்டையும் சேர்த்துப் போடுவதில்தான் லேபுக்கு வரும்படி. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, அந்த 20க்கு வருவோம். மண்டியில் தக்காளி எடுக்கிறவர்கள் கிரேட்டின் மேல் தட்டைப் பார்த்து விலை சொல்வதில்லை. அடிவரை கையை விட்டு நான்கு பழம் எடுத்துப் பார்ப்பார்கள். மேலே நல்ல பழம்தான் இருக்கும், அடுக்கியவனுக்குத் தெரியாதா? கிட் கம்பெனிகளின் சோதனையிலும் இந்த மேல் தட்டுச் சமாச்சாரம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடக்கிற, எல்லா வகையிலும் டெங்கு உறுதியான 20 பேரின் ரத்தம் ஒரு பக்கம். ரத்ததானம் செய்ய வந்த ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே எந்தக் கார்டும் வித்தியாசம் காட்டிவிடும். என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. காய்ச்சல்தான், ஆனால் என்ன காய்ச்சல் என்று தெரியாது. டைஃபாய்டாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், காட்டுப் பக்கம் ஆடு மேய்ப்பவர் என்றால் சின்னப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸாகக்கூட இருக்கலாம். பாதிப் பேர் ஏற்கெனவே மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள். இவர்களிடம் கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டிய விவரம்.

அதோடு, 20 என்பது சின்ன எண். 20க்கு 20 வந்ததை வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது என்ன தெரியுமா? உண்மையான சென்சிட்டிவிட்டி 83க்கும் 100க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். 83 என்றால் ஆறு பேரில் ஒருவர் நழுவலாம். நூற்றுக்கு நூறு என்று நோட்டீஸில் போடுகிறவர்கள் அந்த 83ஐயும் பக்கத்தில் போட்டால் நான் இன்னும் இரண்டு பெட்டி கூடுதலாகவே வாங்குவேன்.

டெங்கு கார்டில் இன்னொரு விஷயம் நாள் கணக்கு. என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் தென்படும், ஐந்தாம் நாளுக்கு மேல் குறைய ஆரம்பித்துவிடும். ஐஜிஎம் என்பது நம் உடம்பு தயாரிக்கிற ஆன்டிபாடி. அது தலைகாட்ட நான்கைந்து நாள் ஆகும். இரண்டாம் நாள் ஐஜிஎம் பார்த்தாலும் வீண், எட்டாம் நாள் என்எஸ்1 மட்டும் பார்த்தாலும் வீண். ஏற்கெனவே ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு மறுபடி வந்தால் இன்னும் சிக்கல். பழைய ஆன்டிபாடிகள் கிளம்பி வந்து என்எஸ்1ஐச் சுற்றிக்கொள்ளும், கார்டின் கண்ணுக்குப் படாது. இரண்டாவது தடவை வருகிற டெங்குதான் ஆபத்தாகப் போக வாய்ப்பு அதிகம். அந்த ஆளிடம்தான் கார்டும் அதிகம் கோட்டைவிடும். இது எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்கு நோயாளிகளை அனுப்புகிற ஒரு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். அரசாங்கக் கணக்கில் டெங்கு என்று ஏற, பெரிய லேபில் மெஷின் வைத்துச் செய்கிற எலிசா டெஸ்டில் வர வேண்டும், கார்டு மட்டும் போதாது. அதனால் சந்தேகம் உள்ளவர்களின் சீரம் எப்படியும் எலிசாவுக்குப் போகும். “நம்ம கார்டு என்ன சொல்லுச்சு, எலிசா என்ன சொல்லுச்சுன்னு ஒரு டைரியில எழுதிட்டு வாங்கம்மா. பொங்கல் வரைக்கும் பார்ப்போம்” என்றார். எனக்கு ஒரே குஷி. பெட்ரோல் பங்க்கில் கொடுத்த பழைய டைரி ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

பொங்கல் முடிந்து டைரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான்கு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். கார்டில் கோடு விழுந்தவர்களின் சீரம்தான் எலிசாவுக்குப் போயிருக்கிறது. விழாதவர்களை “ஒண்ணுமில்ல” என்று வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவர்களுக்கு எலிசா யார் பார்த்தார்கள்? கார்டு விட்டுப்போனது எத்தனை என்று அந்த டைரியில் கண்டுபிடிக்கவே வழியில்லை. அவருக்கு எங்கள் ஊர் யானைக் கதை தெரியும். “உங்க அப்பா தகரம் தட்டுன ராத்திரிக்கு மட்டும் காலையில காட்டப் போய்ப் பார்த்திருக்கீங்க. தட்டாத ராத்திரி யானை வந்துச்சா இல்லையான்னு பார்க்கவே இல்லையே” என்றார். மூன்று மாத உழைப்பு. அன்றைக்குப் பேருந்தில் வரும்போது அழுகை வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள்.

அடுத்த வருஷம் மாற்றினோம். கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும், டாக்டர் டெங்கு என்று சந்தேகப்பட்ட எல்லோரின் சீரமும் போனது. டைரியில் முதல் கட்டமே ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’. அதோடு இன்னொரு விதி. கார்டை நானும் கூட வேலை செய்யும் பெண்ணும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். எலிசா முடிவு வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். ஏனென்றால் எலிசா பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு கார்டைப் பார்த்தால், இல்லாத கோடும் கண்ணுக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து.

அந்த டைரியிலிருந்து சதவீதம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆட்கள் குறைவு, ஒரு லேப், ஒரு கம்பெனி கார்டு. ஆனால் இரண்டு விஷயம் கண்ணுக்குப் பட்டது. கார்டு விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் தாமதமாக வந்தவர்கள். நானும் அந்தப் பெண்ணும் ஒத்துப்போகாத கார்டுகள் எல்லாமே மங்கலான கோடுகள். அவளுக்கு 22 வயது, எனக்குக் கண்ணாடி. அவள் பாசிட்டிவ் என்று எழுதியதில் சிலவற்றை நான் நெகட்டிவ் என்று எழுதியிருந்தேன். கிட்டின் துல்லியத்தில் என் மூக்குக்கண்ணாடியின் பவரும் சேர்த்தி என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது.

மங்கலான கோடு என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. அந்த டைரிக்கெல்லாம் முன்னால் நடந்தது. மார்கழி மாதம், சனிக்கிழமை சாயங்காலம், மேஜை முழுக்கக் கார்டு. காரிமங்கலம் பக்கத்துப் பையன், ஒன்பது வயது. அவன் கார்டைப் போட்டுவிட்டு வேறு ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் போனேன், நரம்பு கிடைக்கவில்லை, நேரமாகிவிட்டது. திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். டி இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. பாசிட்டிவ் என்று எழுதினேன். 20 நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டிய கார்டு அது. அதற்கு மேல் பட்டை காயக் காய திரவம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்து இல்லாத கோட்டை வரைந்துவிடும். எனக்கு இது தெரியும், படித்திருக்கிறேன். அன்றைக்கு அவசரம்.

அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்துக்குப் போனார்கள். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அங்கே எலிசாவில் டெங்கு இல்லை என்று வந்தது. வெறும் தொண்டைப் புண் காய்ச்சல். ஒரு வாரம் கழித்து அப்பாக்காரர் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, “கோடு இருந்துச்சாம்மா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார். இருந்துச்சுங்க என்றேன். அது பொய் இல்லை. பார்க்கக் கூடாத நேரத்தில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன், ஓனருக்குத் தெரியாமல். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தர்மபுரியில் பாத்திரக் கடையில் ஒரு சமையல் டைமர் வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட நேரத்தை எழுதுகிறேன்.

டைஃபாய்டு கதை வேறு மாதிரி. நம் ஊரில் மூன்று நாள் காய்ச்சல் என்றாலே வைடால். பாரிஸில் வைடால் என்ற மருத்துவர் 1896இல் கொண்டுவந்த டெஸ்ட். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். டைஃபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். பிரச்சினை என்னவென்றால், நம் தண்ணீரையும் நம் ஓட்டல் சட்னியையும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஒரு நாள் காய்ச்சலே இல்லாத என் ரத்தத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கிருமியின் ஓ ஆன்டிஜென் என்ற பொருளோடு சேர்த்தபோது, 80இல் ஒன்றாக நீர்த்த பிறகும் திரண்டது. என் கையெழுத்திலேயே ரிப்போர்ட் எழுதியிருந்தால் எனக்கு டைஃபாய்டு. ஒரே ரத்தத்தில் முடிவு செய்யக் கூடாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி எடுத்து நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பாடம். பத்து நாள் கழித்து யார் வருவார்? காய்ச்சல் போய்விட்டிருக்கும், வாசலில் ஆட்டோகூட நிற்காது.

வைடாலுக்குப் பதிலாகக் கார்டுகள் வந்தன. அவை எவ்வளவு சரி என்று எதை வைத்துப் பார்ப்பது? ரத்தத்தில் கிருமியை வளர்த்துக் காட்டுகிற கல்ச்சர்தான் உரைகல் என்பார்கள். ஆனால் அந்த உரைகல்லே டைஃபாய்டு உள்ள நூறு பேரில் 40 முதல் 60 பேரைத்தான் காட்டிக்கொடுக்கும். முன்னாலேயே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் இன்னும் மோசம். இப்போது ஒருவருக்குக் கார்டு பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ். தப்பு யார் மேல்? கார்டு பொய் சொல்கிறதா, கல்ச்சர் கோட்டைவிட்டதா? அடகுக்கடையில் உரைகல்லே தேய்ந்து போயிருந்தால் தங்கத்தை எப்படி மதிப்பிடுவார்கள்? எலும்பு மஜ்ஜையில் கல்ச்சர் செய்தால் இன்னும் அதிகம் பிடிபடும். காய்ச்சலோடு வருகிறவரிடம் எலும்பில் ஊசி போடட்டுமா என்று யார் கேட்பது? இந்த இடத்தில் புள்ளியியல் படித்தவர்கள் ஏதேதோ கணக்குப் போடுகிறார்கள். எனக்குப் புரிந்த வரையில், எந்தக் கிட்டின் சதவீதத்தையும் கேட்கும்போது “எதோட ஒப்பிட்டு?” என்று கூடவே கேட்க வேண்டும்.

தப்பான டெஸ்ட் எவ்வளவு நாள் ஓடும் என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசநோய்க்கு ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற ஆன்டிபாடிகளைப் பார்ப்போம். சளி கொண்டுவரச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள் ரத்தம் என்றால் கையை நீட்டிவிடுவார்கள். நல்ல காசு. நோய் உள்ளவரை விட்டுவிடும், இல்லாதவருக்கு ஆறு மாத மாத்திரை எழுத வைக்கும். 2011இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பயன்படுத்தவே கூடாது என்றது, 2012 ஜூனில் இந்திய அரசு தடையே போட்டது. அதுவரை எழுதிய ரிப்போர்ட்டுகளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கொரோனா காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ஆன்டிபாடி கிட்கள் 5.4 சதவீதம்தான் சரியாக வருகின்றன என்று ராஜஸ்தான் சொன்னது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நிறுத்தச் சொல்லி, மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பவும் சொல்லிவிட்டது. ஜூனில் வைரஸின் புரதத்தையே தேடுகிற ஆன்டிஜென் கார்டு வந்தது. ஐசிஎம்ஆரும் எய்ம்ஸும் பார்த்ததில் நோய் இல்லாதவரை 99.3 சதவீதத்துக்கு மேல் சரியாக விட்டது, நோய் உள்ளவரைப் பிடித்தது 50.6 முதல் 84 சதவீதம் வரை. அதாவது எங்கள் அப்பா மாதிரி. தட்டினால் நம்பலாம், தட்டாவிட்டால் நம்பித் தூங்க முடியாது. அதனால்தான் அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் ஆர்டி-பிசிஆர் கட்டாயம் என்றார்கள். தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டி-பிசிஆரையே வைத்துக்கொண்டது. பெங்களூரில் கட்டட வேலை பார்த்த என் அத்தை மகன் ஆன்டிஜென் நெகட்டிவ் என்று செல்லில் காட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். மூன்றாம் நாள் அவனுக்குக் கருவாட்டு வாசனை தெரியவில்லை.

மலேரியா இங்கே இப்போது அபூர்வம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை செய்கிற ஒடிசாக்காரர் ஒருவர் வந்தார். கார்டில் பளிச்சென்று கோடு. ஸ்லைடில் எவ்வளவு தேடியும் கிருமி இல்லை. விசாரித்தால், மூன்று வாரம் முன்பு ஊரிலேயே மலேரியாவுக்கு முழு வைத்தியம் முடித்தவர். எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுகிற கார்டு அது. கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். இதற்கு நேர்மாறாக, அந்தப் புரதத்தையே தயாரிக்காத மலேரியாக் கிருமிகளை 2010இல் பெரு நாட்டில் கண்டுபிடித்தார்கள். கார்டின் கண்ணில் அவை படவே படாது. கிட் மாறாமல் இருக்கும், கிருமி மாறிவிடும். ஒரு தடவை சோதித்துச் சான்று வாங்கிய கிட் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

எச்ஐவியில் மட்டும்தான் இதையெல்லாம் யோசித்து ஒழுங்கு பண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றும். அரசு மையத்தில் முதல் கிட் சித்தப்பா வகை, யாரையும் விடாது. அதில் பாசிட்டிவ் வந்தவருக்கு வேறு முறையில் செய்த இரண்டாவது கிட், அப்புறம் மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் தப்புச் செய்ய வாய்ப்பு குறைவு. மூன்றும் சொன்ன பிறகுதான் அந்த ஆளை உட்காரவைத்துப் பேசுவார்கள். காய்ச்சலுக்கு ஏன் இந்தப் பொறுமை நமக்கு இல்லை என்று கேட்டால் ஓனர் சார் ஃபேனைப் பார்ப்பார்.

வெயிலைச் சொல்ல மறந்துவிட்டேன். பெட்டியில் ‘2 முதல் 30 டிகிரி’ என்று போட்டிருக்கும். சித்திரையில் எங்கள் லேப் சுவரில் தொங்குகிற வெப்பமானி 36 காட்டும். அதற்கு முன்னால் அந்தப் பெட்டி கூரியர் பையன் வண்டியில் எவ்வளவு நேரம் வெயில் தின்றது என்று தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுத்தவுடனே கவரைக் கிழிக்கக் கூடாது, அறை சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் எங்கள் லேபில் பொறுமை கிடையாது. கம்பெனியின் ஏசி அறையில் வாங்கிய மார்க்கும் பாலக்கோட்டு மேஜையில் வாங்குகிற மார்க்கும் ஒன்றாக இருக்க நியாயமே இல்லை.

ரெப் தம்பி விட்டுப்போன நோட்டீஸின் பின்பக்கத்தில் அவரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். அந்த 20 பேர் யார், காய்ச்சல் எத்தனையாவது நாள்? டெங்கு இல்லாத காய்ச்சல்காரர்கள் எத்தனை பேருக்குப் போட்டீர்கள்? எதோடு ஒப்பிட்டீர்கள், பார்த்தவருக்கு விடை முன்பே தெரியுமா? 40 டிகிரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தீர்களா? பதில் இல்லாவிட்டாலும் பத்து கார்டு இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். டைரியில் இன்னும் பக்கம் இருக்கிறது.

இதை லேப் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும்போதே மாரண்டஹள்ளியிலிருந்து ஓர் அம்மா பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரத்தம் எடுத்து, சுழற்றி, கார்டு போட்டாயிற்று. 4.10 என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார்.

“கோடு விழுந்துச்சா அக்கா?”

“இன்னும் ஏழு நிமிஷம் இருக்குதும்மா, உக்காருங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுச்சு?”